ஒரகடத்து வண்டியில் ஜோகன்னஸ்பர்க் மழை

1

காலையில் கைபேசியில் ஒரு வாழ்த்துச் செய்தி. கார் விற்ற கடைக்காரர்கள் அனுப்பியது. "உங்கள் காருக்கு இனிய முதல் பிறந்தநாள்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி." பக்கத்தில் பலூன் படம் வேறு. எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரை டொக்கென்று வைத்தேன். அந்த வண்டியால் இந்த ஒரு வருடத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேட்டால் பலூனெல்லாம் தானாகவே வெடித்துவிடும்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனேன். இடது பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டேன். காய்ந்துதான் இருந்தது. ஆகஸ்ட் மாதம் ஜோகன்னஸ்பர்கில் குளிர்காலம், மழை என்ற பேச்சே கிடையாது, ஈரம் எங்கிருந்து வரும்? தெரியும். தெரிந்தும் தினமும் கை அங்கே போகிறது. சூடு கண்ட பூனை நான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் மல்லிகா. பிறந்தது ஒரகடம் பக்கம். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி ஒன்றில் ஷிப்டு ஷிப்டாகத் தைத்துக்கொண்டிருந்தவள். வீட்டுக்காரருக்கு இங்கே ஓர் ஆலையில் எலக்ட்ரிகல் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மகள் அபிக்கு இப்போது பதினாறு வயது. அவளுக்கு ஊர் என்றால் என் கைபேசித் திரையில் தெரியும் சதுரம்தான்.

2

வீட்டுக்காரர் மனதில் வேறு கார் இருந்தது. நான்தான் குறுக்கே விழுந்தேன். கடையில் இந்த வண்டியின் கதவைத் திறந்தபோது கதவை ஒட்டிய சட்டத்தில் ஒரு சின்ன லேபிள் கண்ணில் பட்டது. இந்தியாவில் தயாரித்தது என்று மாதம், வருடத்தோடு போட்டிருந்தது. படம் எடுத்துத் தம்பி வரதனுக்கு அனுப்பினேன். வரதன் ஒரகடத்தில் ஒரு கார் ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த நிமிடம் போன்.

"யக்கா! எங்க பிளான்ட்டு வண்டிக்கா அது! அந்த மாசம் ஃபுல்லா நான் வாட்டர் டெஸ்ட்டுலதான் இருந்தேன். உன் வண்டிய நான் தொட்டிருப்பேன்க்கா!"

வாட்டர் டெஸ்ட் என்பது வண்டி தயாராகி வரும் லைனின் கடைசியில் இருக்கும் ஒரு பூத். வண்டி உள்ளே போனால் நாலாபக்கமும் குழாய்களிலிருந்து மழைபோலக் கொட்டும். வெளியே வந்ததும் வரதன் கதவைத் திறந்து தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பான். ஈரமாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். காய்ந்திருந்தால் அவன் ஓகே போடுவான், வண்டி கப்பலுக்குப் போகும்.

நான் வேலைக்குப் போன காலத்தில், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீள நீள லாரிகள் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டு போகும். பஸ்ஸுக்குள் நாங்கள் சண்டை போடுவோம். "மேல கீற செகப்பு என்து!" "போடி, அத நேத்தே நான் எட்த்துகினேன்!" சீட்டைத் தைத்தவர்கள் நாங்கள், ஒருத்திகூட அதில் உட்கார்ந்து பயணம் போனதில்லை. அதனால்தான் கடையில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சீட்டின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தேன். தையல் ஒழுங்காக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விற்பனைப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வண்டி வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை பூஜை. வீடியோவில் அம்மா உட்கார்ந்து நடத்திவைத்தாள். "வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு எட்த்துகினு போவாத வண்டி, இன்னா வண்டிடி அது?" என்று அவளுக்கு ஏற்கெனவே மனக்குறை. அதற்குப் பரிகாரமாக, இங்கே வரும் ஒருவரிடம் அந்தக் கோயில் விபூதியைப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம், உடைக்கப் பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. கடைசியில் அட்சதைத் தட்டு அபி கையில். மஞ்சளும் நெய்யும் போட்டுப் பிசைந்த அரிசி. அவள் இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"இன்னாடி, எறும்புக்குப் போடற மாரி போடற! கண்ணாடி மேல போடு! ரெண்டு கையாலயும் அள்ளிப் போடு!" என்று அம்மா அங்கிருந்து கத்தினாள்.

அபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை அப்படியே முன்கண்ணாடி மேல் கவிழ்த்தாள். அரிசியும் விபூதியும் பூவும் சறுக்கி வைப்பருக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. எல்லோரும் கைதட்டினோம். மறுவாரம் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: காய்கறியை உடைத்துப் பொதுப் பாதையை அசுத்தப்படுத்தியதற்கு எச்சரிக்கை.

3

அக்டோபரில் மழை தொடங்கியது. இங்கத்து மழை நம்மூர் ஐப்பசி மழைபோல நாள் கணக்கில் சிணுங்காது. பிற்பகலில் கருத்துக்கொண்டு வரும், இடித்துத் தள்ளும், ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாததுபோல வெயில் அடிக்கும். முதல் மழைக்கு மறுநாள் அபி காரில் ஏறியதும் காலைத் தூக்கிக்கொண்டாள். தரைவிரிப்பு சொதசொதவென்று இருந்தது. துடைத்தோம், காயவைத்தோம். அடுத்த மழையிலும் அதே கதைதான். வண்டிக்குள் ஊறிய சாக்ஸ் நாற்றம். பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னாள் மகள்.

சர்வீஸ் சென்டரில் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் பெயர் கோவெண்டர். கவுண்டர்தான் இப்படி ஆகியிருக்கிறது. அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். இவருக்குத் தமிழில் வணக்கம், சாமி, ரசம், இவ்வளவுதான் தெரியும். என்னை 'ஆன்ட்டி' என்பார். தங்கமான மனிதர், ஆனால் வேலை நடக்காது. முதல் நாள் "ஜஸ்ட் நவ் பார்க்கிறேன், ஆன்ட்டி" என்றார். நம்மூரில் அப்படியென்றால் இப்போதே. இந்த நாட்டில் அதற்கு 'அப்புறம் எப்போதாவது' என்று அர்த்தம். நான் அதை நம்பி அந்த நாற்காலியை விட்டு அசையாமல் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

வண்டியை வாங்கி வைப்பார்கள், கதவு மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள், திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: குறை எதுவும் காணப்படவில்லை. ஜன்னலை மூட மறந்திருப்பீர்கள் என்றார்கள். குடையிலிருந்து சொட்டியிருக்கும் என்றார்கள். "எங்கள் வீட்டில் குடை பிடிக்கிறோமா, இல்லை செம்பரம்பாக்கம் ஏரியையே பிடித்து வைத்திருக்கிறோமா?" என்று கேட்டேன். ஏரி எதுவென்று கோவெண்டருக்குப் புரியவில்லை, கோபம் புரிந்தது. குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். தயாரித்த ஆலைக்கே முறைப்படி புகார் அனுப்பலாம். வண்டியின் எண் அங்கே போகும். எந்த ஷிப்டில், யார் கையில் தேறி வந்தது என்று தோண்டி எடுப்பார்கள். குறை நிரூபணமானால் வேறு வண்டிகூடக் கிடைக்கும்.

யார் கையில் என்றதும், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

4

வரதனுக்கு இது முக்கியமான வருடம். எத்தனையோ வருடமாகக் காண்ட்ராக்டில் கிடந்தவனை, இந்த முறை பெர்மனென்ட் லிஸ்டில் சேர்க்கப்போவதாகப் பேச்சு. படப்பையில் பார்த்து வைத்திருக்கும் பெண் வீட்டாரும் அந்த லிஸ்டுக்குத்தான் காத்திருந்தார்கள். இந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு புகார் போய், அதில் அவன் பெயர் வந்தால்?

அவனிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன்.

"நான் தடவிப் பாக்காம எந்த வண்டியும் வுட்டதில்லக்கா," என்றான்.

"உன்னை யார்டா குத்தம் சொன்னது? நீ எதுக்கு இப்போ மூஞ்சத் தூக்கி வெச்சுக்கற?"

"இல்லக்கா. கை வெச்சுதான் பாத்திருப்பேன். அதெப்டி தப்பும்னு யோசிக்கிறேன்."

அவன் கையிலிருந்து போனை அம்மா பிடுங்கினாள். "அடியே, ஒனக்கு அங்க ஆயிரம் வண்டி கெடைக்கும். இவனுக்கு இந்த ஒரு வேலதான் கீது. லிஸ்ட்டு வர்ற வரிக்கும் வாய மூடிகினு இரு."

மூடிக்கொண்டுதான் இருந்தேன். வானம் கருத்தால் போதும், கையிலிருக்கும் வேலையை விட்டு ஓடிப்போய் வண்டிக்குத் தார்ப்பாய் போடுவேன். வீட்டுக்குள் உட்கார முடியாது, நிற்க முடியாது. வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கேட்டுவிட்டார்: "உன் தம்பிக்கு வேலை நிலைக்கணும்னு நாம தண்ணியில ஊறணுமா?" அவர் கேட்டது நியாயம்தான். அதனாலேயே அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அபியோ, "மாம், இட்ஸ் ஜஸ்ட் எ கார். ரிட்டர்ன் இட்" என்றாள். அவளிடம் என்னத்தை விளக்குவது? மாமா என்றால் அவளுக்குப் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும் குரல்.

5

மழைக்காலம் முடியப்போகிற நேரம். அபியை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு வரும் வழியில் கொட்டித் தீர்த்தது. இங்கே சிக்னலை ரோபோ என்பார்கள். ஒரு பெரிய ரோபோவில் பச்சை விழுந்து, நான் நடுச் சந்திப்புக்கு வந்தபோது, முன்பலகையில் இருந்த விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. வண்டி செத்துப்போயிற்று. ஒரு பக்கம் லாரி, பின்னால் ஹாரன், எதிரே மழையில் எதுவுமே தெரியவில்லை. சாவியைத் திருகுகிறேன், திருகுகிறேன், ஒன்றும் இல்லை.

"அம்மா," என்றாள் அபி. என்னை அவள் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

சாலையோரம் பழம் விற்றுக்கொண்டிருந்த மூன்று பேர் மழையில் ஓடிவந்து வண்டியைத் தள்ளி ஓரம் சேர்த்தார்கள். எந்தச் சாமி புண்ணியமோ. இழுத்துப் போக வந்தவர், தரைக்கு அடியில் ஓடும் ஒயர்களுக்குத் தண்ணீர் போயிருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். என்னால் முடியாதுடா, நாளைக்குப் புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவன் கத்துவான், அம்மா அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

"உள்ள அபி உக்காந்துகினு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமாம்டா."

"போட்டுடுக்கா. என்னப் பாக்காத. போட்டுடு."

6

மறுநாள் கோவெண்டர் புகாருக்கான வேலையைத் தொடங்கினார். ஆலைக்கு அனுப்பப் புகைப்படம் வேண்டும், அதுவும் அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கோணத்திலும். சிபோ என்ற மெக்கானிக் அதற்காக வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "ஆன்ட்டி, இங்கே யாராவது சமைத்தீர்களா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் விழும் மழைத் தண்ணீர் இறங்கிப் போகிற துளையில், கெட்டியாக, மஞ்சளாக ஒரு அடைப்பு. ஊறிப் பருத்த அரிசி. நெய்யும் விபூதியும் சேர்ந்து களிபோல இறுகி, நடுவே சாமந்தி இதழ்கள் கறுத்துக் கிடந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, வழிந்து, உள்ளே இறங்கியிருக்கிறது. சிபோ அதைக் குத்தி எடுத்ததும், தேங்கி நின்ற தண்ணீர் கடகடவென்று கீழே கொட்டியது.

கோவெண்டர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "சாமி அரிசி," என்றார். "கல்யாணத்தில் என் அம்மா போடுவது." குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அவருக்கு அதில் போட மனசு வரவில்லை. ஒரு காகிதக் கோப்பையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டியில் குறை இல்லை, தம்பி மேல் பழி இல்லை, முருகா! அங்கேயே நின்று வரதனைக் கூப்பிட்டேன். அங்கே மாலை, முதல் ஷிப்டு விட்டு வெளியே வந்திருந்தான்.

"டேய், அட்சதைடா! அபி கொட்டினாளே, அந்த அரிசிதான்டா அடைச்சிருந்தது! உன் மேல ஒண்ணும் இல்லடா!"

அவன் சிரிக்கவில்லை.

"நான் காலையிலேயே சொல்லிட்டேன்க்கா."

"யார் கிட்ட என்னத்தச் சொன்ன?"

"சூப்பர்வைசராண்ட. எங்க அக்கா வண்டில தண்ணி உள்ள போவுது, நான் ஓகே பண்ண வண்டி, பூத்துல எதுனா கோளாறான்னு பாருங்கன்னேன். நீ கம்ப்ளைண்ட்டு போட்டு அது இங்க வர்றதுக்குள்ள இன்னும் எத்தினி வண்டி கப்பல் ஏறும்? அதுலயும் அபி மாரி புள்ளைங்கதானே உக்காரும்?"

"அதுக்கு?"

"பூத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. யார்டுல வண்டி கழுவ வுட்டுக்கீறாங்க. லிஸ்ட்டு மேல ஆபீஸுக்குப் போயிகீது. பாக்கலாம்."

கோவெண்டரிடம் திரும்பினேன். முன்பெல்லாம் குறை உங்களுடையது என்று எழுதுங்கள் என்று சண்டை போட்ட அதே ஆளிடம், அதே மேஜைக்கு முன்னால், "தப்பு எங்களோடதுன்னு எழுதிக் கொடுங்க, தம்பி," என்று கெஞ்சினேன். 'தம்பி' என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டே வழி: குறை கண்டோம், குறை காணவில்லை. பூஜை செய்தார்கள் என்று எழுத அதில் இடம் கிடையாது.

"அப்போ வாயால சொல்லுங்க," என்று போனை வீடியோவுக்கு மாற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வரதன் அந்தப் பக்கம் ஆலை வாசலுக்கு ஓடினான். பஸ் ஏறப் போன சூப்பர்வைசரை நிறுத்திக் கூட்டிவந்தான். அவர் திருநெல்வேலிக்காரர். கோவெண்டர் பேசிய ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை, அவர் கேட்டது இவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் கோவெண்டர் கோப்பையைக் கவிழ்த்து, உள்ளங்கையில் அந்த அரிசியை ஏந்தி, கேமராவுக்கு முன்னால் பிடித்தார். அப்புறம் சிபோ கழற்றிவைத்த மூடியைக் காட்டினார், துளையைக் காட்டினார்.

"என்னய்யா இது... அட்சதல்லா!" என்றார் சூப்பர்வைசர். "ஏ வரதா, ஒங்க அக்கா காருக்குக் கல்யாணமா பண்ணி வச்சாவ?" விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "சரி, நாளைக்குப் பூத்துக்கே போ. மேல நான் பேசுதேன்," என்றார்.

அன்று மாலை அபி அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டாள். என்னவென்று சொன்னேன். காதில் இருந்த இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மாமாக்கு வேலை போச்சுன்னா அது நான் பண்ணது?" என்று உடைந்த தமிழில் கேட்டாள். இல்லை என்றேன், நம்பவில்லை. தானாகவே மாமாவைக் கூப்பிட்டு 'சாரி' சொன்னாள். அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சாரியாவது பூரியாவது! நீ ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டதாலதான் கண்ணு, வண்டி நடு ரோட்டுல நின்னும் ஒங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவல," என்றான் அவன். "பாட்டியாண்ட மட்டும் சொல்லிடாத. அது வல்லக்கோட்டையாண்ட போயி நின்னுகினு அழும்."

7

அடுத்த வாரமே லிஸ்ட் வந்தது. அவன் பெயர் இல்லை.

காரணம் யாரும் சொல்லவில்லை. அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். நான் அங்கே தைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அப்படித்தான், நோட்டீஸ் போர்டில் பெயர் இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதான். வீடியோவில் சிரித்த சூப்பர்வைசர் மேலே பேசினாரா, பேசியும் நடக்கவில்லையா, பேசுவதற்கு முன்னாலேயே யாராவது பெயரை அடித்துவிட்டார்களா? இதையே நினைத்து நினைத்து நான் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிடமே, அபி மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தானே சொன்னான் என்று தோன்றியது. அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அவனேதான் கூப்பிட்டான்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா. இந்த வாட்டி ஆளே கம்மியாதான் எடுத்தாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"பொண்ணு வீட்டுல என்னடா சொன்னாங்க?"

"பாக்கலாம்கா." கொஞ்சம் நிறுத்தினான். பின்னால் ஏதோ லாரியின் ஹாரன். "திரும்பவும் பூத்துலதான் கீறேன். இன்னிக்கு ஒவ்வொரு வண்டியா கை வெக்கும்போது உன் வண்டி ஞாபகம்தான். காஞ்சிச்சாக்கா?"

"காஞ்சிடுச்சுடா," என்றேன்.

அன்றைக்குத் தரைவிரிப்புக்கு அடியில் பழைய ஈரம் இன்னும் இருந்தது.